அம்மா முதலில் வைத்த அட்டை

பழவங்காடி, திருவனந்தபுரம்
12 ஆகஸ்ட் 2001

அன்புள்ள பினு அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் எனக்கு ஒரு வாயும் இதுவரை பத்திரம். திருப்பூரில் நீ தைக்கிற பனியனெல்லாம் ஊர் உலகத்துக்கு. தங்கச்சிக்கு ஒரு கைக்குட்டைகூடக் கிடையாதா?

நேற்று ஜெயலக்ஷ்மி சேச்சி என்று ஒருவர் சர்வேக்கு வந்தார். உலகம் முழுக்க எந்த நோய் மனுஷ ஆயுளில் எவ்வளவு தின்கிறது, அதை வரவழைப்பது எது என்று கணக்கெடுக்கிறார்களாம்.

"வீட்டுல ஆராவது குடிக்குமா அக்கா?"

"இல்ல" என்றாள் அம்மா. அப்பா அப்போது கட்டிலுக்கடியில் வாய் பிளந்து கிடந்தார்.

"பின்னே இவரு?"

"அவரு சந்தையில சுமடு எடுக்கவராக்கும். அசந்து கிடக்காரு."

பீடி, சாராயம், அழுக்குத் தண்ணீர், அடுப்புப் புகை எல்லாவற்றுக்கும் தாளில் கட்டம் இருந்தது. "எங்க அப்பா ஞானையனுக்கும் ஒரு கட்டம் போடுங்க சேச்சி" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

வெள்ளிக்கிழமை அப்பா மீன்சட்டியை அம்மா முதுகில் உடைத்தார். சட்டி புதுசு, குழம்பு கொதி. தடுக்கப்போன எனக்கு பெல்ட்.

நல்ல செய்தியும் உண்டு. அம்மாவுக்கு இடப்பக்கம் நின்று "கருவாட்டை எடுக்கேன்" என்று சொல்லிவிட்டே திருடுகிறேன். அவள் திரும்புவதே இல்லை. சொல்லிவிட்டுத் திருடுகிற ஒரே கள்ளி நான்தான்.

அண்ணா, எங்களைக் கூட்டிக்கொண்டு போ. நீ கூப்பிட்டால் அம்மா வருவாள்.

உன் தீராத தலைவலி,
ஷிஜா


திருப்பூர்
20 ஆகஸ்ட் 2001

ஷிஜா மக்களே,

இந்தக் கடிதத்துக்குள் கைக்குட்டை வைத்திருக்கிறேன். மூக்கைத் துடை, வாயையும் துடை. நீ வா, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதாதே.

நான் கூப்பிடாமலா வந்தேன்? அன்று அவர் அம்மாவை அறைந்தார். குறுக்கே விழுந்த எனக்கு முன்பல் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி, அம்மாவின் காதோடு காதாகச் சொன்னேன்: "அம்மா, வாம்மா, போயிரலாம்." அவள் சிதறின சோற்றை அள்ளிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. அவளுக்கு அவர் போதும்.

அண்ணன்,
பினு


பழவங்காடி
2 செப்டம்பர் 2001

அண்ணா,

கைக்குட்டை ரத்தம் துடைக்க உதவிற்று. பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது.

ஜெயலக்ஷ்மி சேச்சி மறுபடி வந்தார், சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளோடு. கண் தெரியாதது, கால் ஒடிந்தது, காது கேட்காதது என்று ஒவ்வொன்றிலும் ஒரு கஷ்டம். குறைந்த கஷ்டத்தை முதலில் வைக்க வேண்டும். அம்மா யோசிக்காமல் காது அட்டையை வைத்தாள்.

"அது அத்தன லேசா அக்கா?"

"எனக்கு இடது காது செத்து ரெண்டு வருஷமாச்சு. சோறு பொங்க காது எதுக்கு? பினு போன அன்னைக்கு வாங்கின அறை."

தின்ற கருவாட்டு முள்ளெல்லாம் அப்போது தொண்டையில் குத்தியது அண்ணா. உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

"அவன் கூப்பிட்டானா?" என்றாள். "இடது தோள்ல மூச்சு பட்டுது பிள்ளே. அழுகான்னு நெனச்சேன். நிமிந்து பாத்தா ஆளில்ல."

அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "எவளாக்கும் என் வீட்டுக் கணக்கெடுக்கது?" அட்டைகளை மிதித்தார். அம்மாவை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்தது. "மத்த காதையும் அடைக்கேன்" என்று கையை ஓங்கினார். நான் உலக்கையை அவர் முழங்காலில் இறக்கினேன். விறகு முறிகிற சத்தம். அப்படியும் என் கழுத்தைப் பிடித்தார். அம்மா தோசைக்கல்லை எடுத்து மண்டையில் போட்டாள். பிடி விட்டது.

சேச்சி போலீசில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அப்பா ஆஸ்பத்திரியில், காலில் மாவுக்கட்டு. அவருக்கும் ஒரு அட்டை விழுந்துவிட்டது. கட்டுப் பிரித்தால் நேரே இங்கேதான் வருவார். அதற்குள் வா.

அம்மாவின் வலது காது பிழைத்தது. சோதித்துவிட்டேன். "கருவா" என்பதற்குள் அகப்பை பறந்து வந்தது.

ஷிஜா


திருப்பூர்
8 செப்டம்பர் 2001

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம். இங்கே வீடு பார்த்துவிட்டேன், ஒற்றை அறைதான். அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

ஷிஜாவை வலப்பக்கம் உட்காரச் சொல்லி, இந்தக் கடைசி வரியை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்.

அம்மா, வாம்மா, போயிரலாம்.

பினு