விளக்கைப் பார்த்தவர்கள்

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணன் பிரகாஷுக்கு,

உன் தங்கை பவானி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு மாதமாக நீ என் போனை எடுக்காததால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ராமதாஸ் அண்ணன் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். உன் கையிலேயே சேர்க்கச் சொல்லி இதை அவரிடம் கொடுக்கிறேன். கிழிப்பதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. ஆனாலும் காலடிப்பேட்டைக்கு மீன் கூடை தூக்குவதை நிறுத்தவில்லை. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணி கறுத்துப்போகிறது. புகார் சொல்லும் எண்ணுக்குப் போன் செய்தேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். துணியைக் கொண்டுவரட்டுமா என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

இஸ்லாமியச் சட்ட வரலாற்றில் என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. நீ கடைசியாகப் பேசியபோது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நமக்கு எதுக்கு அவுங்க சட்டம்? மாறிடப் போறியா? ஒழுங்கா பேங்க் பரீட்ச எழுது." நான் எங்கும் மாறவில்லை. போன மாதம் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்முகம் போனேன். அங்கே இருந்தவர், மீன் விற்கிறவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாடம் எப்படி ஒட்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மண்ணடியில் நான்கு வருடம் மாலை வகுப்பில் அரபு படித்து ஒட்டவைத்துக்கொண்டேன் என்று அரபியிலேயே சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. உனக்கும் அவருக்கும் ஒரே கேள்விதான் அண்ணா: இவளுக்கு எதற்கு இது?

எதற்கு என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இஸ்லாம் தோன்றிய முதல் இருநூறு ஆண்டுகளில் நீதிபதிகள் யாருடைய சாட்சியை ஏற்றார்கள், யாருடையதைத் தள்ளினார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. நெசவு செய்கிறவன், தோல் பதனிடுகிறவன், குளியல் கூடத்தில் வேலை செய்கிறவன், இவர்கள் சொல்லை நம்பலாமா என்று அப்போதே சண்டை போட்டிருக்கிறார்கள். தொழிலைப் பார்த்து ஒதுக்கியவர்கள் உண்டு. தொழிலைப் பார்க்காதே, ஆள் பொய் சொல்கிறவனா என்று பார் என்று மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறைவனுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, நீதிபதி பதவியே வேண்டாமென்று ஓடி ஒளிந்த பக்திமான்கள் இருந்தார்கள். நம் ஊரில் யாராவது அப்படிப் பயந்து நீ பார்த்திருக்கிறாயா?

எல்லாம் நியாயமாக இருந்தது என்று நான் எழுதவில்லை. பெண் சாட்சியைப் பாதியாக எண்ணிய இடங்கள் நிறைய. அதையும் மழுப்பாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் அதே ஆட்கள் ஒரு விஷயத்தில் இறங்கி வந்தார்கள். பிரசவ அறை போல ஆண்கள் இல்லாத இடத்தில் நடந்ததற்குப் பெண்கள் சொல்லே சாட்சி. ஒரே ஒரு மருத்துவச்சி சொன்னால் போதும் என்றவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது பக்கம் எழுதினேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இப்போது குப்பத்தில் நடப்பதைக் கேள். தேர்வு அறிவிப்பில் பொதுமக்கள் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று போட்டிருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த விதமே வேறு. மறுநாள் தலைவர் கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் நின்றார். "இன்னா பாப்பா, உன்ன விசாரிக்கப் போறாங்களாமே? இன்னா தப்பு பண்ண?" தப்பில்லை, தேர்வு என்றேன். "கேள்வி கேக்கறது யாரு?" வெளியூர்ப் பேராசிரியர் என்றேன். "நீ நின்னுகினு பதில் சொல்லணும், கடைசில அவுரு முடிவு சொல்வாரு, சுத்தி ஜனம் குந்திகினு பாக்கும். இது விசாரணை இல்லாம இன்னாமே?" அண்ணா, எட்டு வருடம் சட்டம் படித்த நான், ஆமாம், விசாரணைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

நம் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். குப்பத்து ஆளை வெளியாள் விசாரித்தால் தனியாக அனுப்பமாட்டார்கள். முதலில் அந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து "இது எங்க ஊட்டு ஆளு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஊர் அவர் பின்னால் நிற்கும். புதன்கிழமை கடலுக்குப் போவதில்லை, இரண்டு வேன் பிடித்து வருவது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. என் ஆராய்ச்சி நெறியாளரிடம் சொன்னேன், அறுபது நாற்காலி போடச் சொல்லிவிட்டார்.

தகராறு அதற்குப் பிறகுதான். நம் வீட்டு ஆள் யார்? அப்பா இல்லை, நீ அங்கே. அம்மா எழுந்து நான் நிற்கிறேன் என்றாள். பொம்பளைங்க சபையில் நிற்கிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "பெத்தவ நானு, எனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்று கேட்டாள். "நீ குந்து நீலா, பையன்கிட்ட பேசிக்கிறோம்" என்றார் கிருஷ்ணப்பன். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை என்று அன்றைக்குப் போன் செய்வார். நீ வீடியோவில் தோன்றி அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பதினொரு வயதில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் மரண விசாரணைக் கோப்பின் நகலை மனுப்போட்டு வாங்கினேன். உனக்குச் சொல்லவில்லை. மொத்தம் மூன்று பக்கம். அப்பாவின் படகில் விளக்கு எரியவில்லை, அதனால் இழுவைக் கப்பல் மோதியது என்று எழுதியிருக்கிறது. கீழே உன் கையெழுத்து. விடியலில் கரையில் நின்றது யார்? ஆண்கள் எல்லோரும் கடலில். மீன் எடுக்கக் காத்திருந்த நாலு பெண்கள்தான் இருந்தார்கள், அம்மா அதில் ஒருத்தி. நாலு பேரும் விளக்கு எரிவதைப் பார்த்தார்கள். "மீன்காரிங்க கத்துவாங்க, அதெல்லாம் சாட்சியா?" என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டதை அம்மா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள். நீ கல்மண்டபத்தில் வலைக்கடையில் வேலையில் இருந்தாய். ஒன்றையும் பார்க்கவில்லை. பத்தொன்பது வயது உனக்கு. கையெழுத்துப் போட்டால்தான் உடம்பைத் தருவோம் என்றார்கள். உன் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன் அண்ணா. அம்மாவுக்கும் அது தெரியும். இத்தனை வருடத்தில் உன்னைப் பற்றி அவள் ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு "நீ சும்மா இரும்மா, நான் பேசிக்கிறேன்" என்று நீ சொன்னதை மட்டும் மறக்கவில்லை.

என் படிப்பை விடமாட்டேன். இந்தத் தேர்வு முடிந்ததும் அடுத்த கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவேன், சிரித்தால் அதற்கும் அடுத்த கல்லூரி. அதற்கு உன் சம்மதம் கேட்கவில்லை. கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை கிருஷ்ணப்பன் போன் செய்யும்போது எடு. நான் நிற்கிறேன் என்று சொல்லாதே. "எங்கம்மா நிக்கட்டும், அவுங்க சொன்னா நான் சொன்ன மாரி" என்று சொல். இல்லை, அப்படியும் வேண்டாம். அம்மா சொன்னால் அம்மா சொன்ன மாதிரிதான். "எங்கம்மா நிக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே பெரிய கப்பல்கள் போகும் பாதையில் உங்கள் படகும் போகிறது என்று ராமதாஸ் அண்ணன் சொன்னார். விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் நீயே போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பு. அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
தங்கை
பவானி