அண்ணை கடலுக்குள் இறங்கின நாள்

என்ர ஆசை மச்சாள்,

அண்ணை கடலுக்குள்ள இறங்கினவர். ஓம், உங்கட மனுசன்தான்! கால் நனைஞ்சாலே தடிமன் வரும் எண்டு சொல்லுற அதே ஆள், போன சனிக்கிழமை வடக்கு ஜெர்மனியில ஓஸ்ட்சேக் கடற்கரையில, வாட்ஹோசை எண்டுற, நெஞ்சு வரைக்கும் வாற றப்பர்க் காற்சட்டையை மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டவர். இதை உங்களுக்குச் சொல்லாமல் நான் வேற ஆருக்குச் சொல்ல?

உங்களைத் தெரியாத ஆக்களும் இதை வாசிக்கப்போகினம், அதால கொஞ்சம் விளங்கப்படுத்துறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. நீங்கள் என்ர அண்ணையின்ர மனுசி. முதியோர் இல்லத்தில வேலை செய்து முதுகும் நாரியும் முறிஞ்ச நாங்கள் ரண்டு பேரும் சேர்ந்துதான், இங்கை மீன் பிடிக்க அனுமதி எடுக்கிறதுக்கு எழுதுற மீன்பிடிச் சோதினையை எடுத்துப் பாஸ் பண்ணினாங்கள். பனி முடியிற நேரம் கடல் ஃபொறெல்ல மீன் பிடிக்க ஒவ்வொரு வருசமும் வடக்கை ஓடுவம். அண்ணை கார் ஓடுவார். நாங்கள் தண்ணிக்குள்ள நிக்க, அவர் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள்ள தேத்தண்ணி குடிப்பார். "பொம்பிளையளுக்கு இதென்ன விசர்?" எண்டு சனம் கேட்டுது. நீங்கள் அதுக்கும் சிரிச்சியள்.

போன இலையுதிர் காலத்தில நோய் உங்களைக் கொண்டுபோனாப் பிறகு அண்ணை கதைக்கிறதையே விட்டிட்டார். சாப்பாட்டை வச்சாச் சாப்பிடுவார், வைக்காட்டிக் கேக்கமாட்டார். பிறகு ஒரு நாள் தானா எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, அவ நிண்ட இடத்தில நானும் ஒருக்கா நிக்கவேணும். கூட்டிக்கொண்டு போ."

மச்சாள், மனுசியைப் பறிகுடுத்த, நீந்தத் தெரியாத ஒரு மனுசன் கடலுக்குள்ள நிக்கவேணும் எண்டு கேட்டால் நான் என்னத்தை நினைக்கிறது? மாட்டன் எண்டால் தனியப் போயிடுவார். திரும்பி வாற எண்ணத்தோடதான் கேக்கிறாரோ எண்டு எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தன். வாய்விட்டு ஒருத்தரிட்டையும் கேக்க ஏலேல்லை.

அப்ப எனக்குக் கைகுடுத்தது நீங்கள் என்னைப் பேசின பேச்சுத்தான். முதல்முதல் மீன்பிடிக்க வரேக்க நான் எங்கட வழக்கப்படி தலையையும் காதையும் சுத்தி மூடிப்போட்டு, கீழ ஜீன்ஸும் பருத்திப் பெனியனும் போட்டுக்கொண்டு வந்து நிண்டனான். "பனி தலையில மட்டுமே இறங்கும், விசரி? வேர்த்து நனைஞ்ச பருத்தி உடம்போட ஒட்டிக்கொண்டு இருக்கிற சூட்டையும் உறிஞ்சிப்போடும்" எண்டு கத்தினியள். கடற்கரையில நிண்ட ஜெர்மன்காரர் எல்லாம் திரும்பிப் பாத்தவை.

அதே பேச்சை நான் அண்ணைக்குப் பேசினன். தோலோட ஒட்ட மெல்லிய மெரினோக் கம்பளிச் சட்டையும் நீளக் காற்சட்டையும். அதுக்கு மேல ஃப்ளீஸ். காலுக்கு ஒரு மெல்லிய சொக்ஸ், மேல ஒரு தடிச்ச கம்பளிச் சொக்ஸ். எல்லாத்தையும் சோபாவில பரப்பி வச்சன். வாட்ஹோசையை மீன்பிடிச் சங்கத்து ஆள் ஒருத்தரிட்டை இரவல் வாங்கினன். உங்கடது அவருக்கு எங்கை கொள்ளும்?

"இன்னும் ரண்டு சொக்ஸ் போடட்டே?" எண்டார்.

"வேண்டாம் அண்ணை. இறுகினால் இரத்தம் ஓடாது, கால் விறைச்சுப்போம். விரலை ஆட்டிப் பாருங்கோ."

சின்னப்பிள்ளை மாதிரிக் குனிஞ்சிருந்து விரலை ஆட்டிப் பாத்தார். "சின்ன விரல் நசியுது. வேற சொக்ஸ் இருக்கோ?" எண்டு கேட்டார். நான் எடுத்துக் குடுத்திட்டுக் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன். சாகப் போற மனுசன் சின்ன விரல் நசியுது எண்டு குறை சொல்லுவாரோ, மச்சாள்? எண்டாலும் பயம் முழுசாப் போகேல்லை.

கார் விட்ட இடத்தில இருந்து கரைக்கு நல்ல நடை. அண்ணைக்கு மூச்சு வாங்கி முகம் எல்லாம் வேர்த்திட்டுது. நான் தூண்டிலை எடுக்கவே இல்லை. அவற்ர பெல்ட்டைப் பிடிச்சபடி கூடவே இறங்கினன். உங்கட பேரைச் சொல்லி ஏதோ கதைச்சார். காத்தில எனக்குக் கேக்கேல்லை, அது உங்கட ரண்டு பேரின்ர கதை. பிறகு இன்னுமொரு அடி முன்னுக்கு வச்சார். நான் பெல்ட்டை இறுக்கிப் பிடிச்சன். அப்பிடியே கொஞ்ச நேரம் நிண்டிட்டுத் திரும்பினார்.

"தங்கச்சி, வயித்தடியில சரியாக் குளிருது. வெளியில போவம்."

கடவுளே, அந்த மனுசன்ர வாயால 'குளிருது' எண்டு கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ!

கரையில வாட்ஹோசையைக் கழட்டினால், மெரினோவுக்கு மேல, ஃப்ளீஸுக்குக் கீழ, மடிச்சு மடிச்சு இடுப்பைச் சுத்தி, வீட்டில கட்டுற ஒரு பருத்திச் சாரம்! வேர்வையில தோஞ்சுபோய்க் கிடக்கு, அதுதான் வயித்தடியில குளிர்ந்திருக்கு. "இதென்ன அண்ணை?" எண்டு கத்தினன். "அடிவயித்தில குளிர் பிடிக்கக்கூடாது எண்டு கட்டினனான். கேட்டா நீ விடமாட்டாய்" எண்டார். நீங்கள் நிண்டிருந்தால் என்னத்தைச் சொல்லியிருப்பியள்? நான் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன். அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டிருக்கேக்கயே அழத் தொடங்கினார். செத்தவீட்டிலையும் அழாத மனுசன் அண்டைக்குத்தான் குழறி அழுதவர்.

காருக்குள்ள வச்சுக் கேட்டிட்டன். "அண்ணை, திரும்பி வாற எண்ணத்தோடதானே இறங்கினீங்கள்?"

ஹீற்றரைக் கூட்டி விட்டார். பிறகு சொன்னார்: "இறங்கேக்க எனக்கே தெரியாது. குளிரேக்கதான் வீட்டை போகவேணும் போல இருந்துது."

மச்சாள், நன்றி எண்டு சொன்னால் உங்களிட்டை எனக்குப் பேச்சு விழும். விழட்டும். தண்ணிக்குள்ள போறவைக்கு எதைப் போட்டு அனுப்பவேணும் எண்டு நீங்கள் எனக்குக் காட்டித் தந்திருக்காட்டி, நான் பயத்தில கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டிருப்பன். அண்ணை தனியப் போயிருப்பார். உங்கட வாய்க்கும் கோவத்துக்கும் கோடி நன்றி.

இப்ப அவர் மீன்பிடிச் சோதினைக்குப் பதிஞ்சிருக்கிறார். படிக்கிறன் எண்டு சொல்லி மீன்களின்ர ஜெர்மன் பேரை எல்லாம் கொலை செய்யிறார். பாஸ் பண்ணுவாரோ தெரியாது. ஆனால் அவர் எப்ப தண்ணிக்குள்ள இறங்கினாலும் பக்கத்தில நானும் இறங்குவன். ரண்டு பேரும் சேர்ந்துதான் கரையேறுவம். இது சத்தியம்.

உங்கட மனுசனுக்கு ஒரேயொரு தங்கச்சி,
உங்களுக்கு எப்பவும் மச்சாள்.