வீடு மேடேறிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

நேற்று ரோசமெல் சித்தியின் மரவீட்டை, கடல் அரிக்கும் கரையிலிருந்து மேட்டுக்கு, ஊரார் அப்படியே உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, எருதுகள் பூட்டி இழுத்தார்கள். பாதி வழியில் வீடு சாய்ந்தது. சித்தி கண்களை மூடிக்கொண்டு அழுதார்.

"அழாதக்கா, வீட்டுக்கும் மூச்சு வாங்குது!" என்று எருதோட்டி நிக்கானோர் கத்தினார். எல்லாரும் தோள்கொடுத்து நிமிர்த்தினார்கள். ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை!

நான் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.

"கூலியா? பாலைவனத்துப் பொண்ணே, எங்களுக்குக் கிழங்கு அவிச்சுப் போடு, போதும்!" என்று சிரித்தார் நிக்கானோர். கூடை கூடையாக உரித்தேன். இப்படிப்பட்ட மனிதர்களை நான் பார்த்ததேயில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அம்மா பின்னியதே வேண்டும்.

பாலைவனத்திலிருக்கும் நம் வீட்டை இங்கே இழுத்துவர எத்தனை எருதுகள் வேண்டும் என்று நேற்றிரவு சித்தியிடம் கேட்டேன். என் தலையைத் தடவினார். விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்,
எலியானா