1,138 பைலும் என் பெயரில்

நவம்பர் 11, செவ்வாய். காலை 9.40. 1,138 பைல்கள்.

தூறல். பொம்மனஹள்ளி சிக்னலில் இருபது நிமிடம். சாக்ஸ் வரை ஈரம்.

ஆபீசில் இப்போது பாதி புரோகிராம் கோடு எழுதுவது ஏஐ ஏஜென்ட்கள். வரித் தொடக்கத்தில் ஒன்று நாலு இடைவெளி விடும், இன்னொன்று ரெண்டு. ஒரே வரியை இருநூறு எழுத்துக்கு இழுக்கும். அதனால் ஒரு ஃபார்மேட்டர்: ஏஜென்ட் ஒரு பைலை எழுதி முடித்ததும் தானாக ஓடி வரிகளைச் சீராக்கும் டூல். அதை நிறுவும் வேலையையும் ஏஜென்ட்டிடமே கொடுத்தேன். 'நீ தொடுகிற பைலுக்கு மட்டும்' என்று தெளிவாகச் சொன்னேன். மொத்த புராஜெக்டையும் சீவிவிட்டு "வெற்றிகரமாக முடிந்தது" என்கிறது. கூடவே ஒரு ராக்கெட் படம். ராக்கெட் எதற்கு?

டெஸ்ட் எல்லாம் பாஸ். நகர்ந்தது இடைவெளிதான். சரிபார்த்தது யார்? இன்னொரு ஏஜென்ட். 1,138 பைலை எந்த மனுஷன் படிப்பான்? டீமின் பொதுக் கோடில் அப்படியே சேர்த்துவிட்டேன்.

நவ. 12, புதன். மழை இல்லை, வெயிலும் இல்லை.

ஸ்டெல்லா அக்கா என் சீட்டுக்கே வந்துவிட்டார். காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வருபவர். எங்கள் பள்ளிப் பேருந்து ஆப்பில் வழித்தடப் பகுதி முழுக்க அவர் நாலு வருடமாக எழுதியது. அதில் ஒரு ஸ்டாப் பட்டியல்: வரிக்கு ஒரு ஸ்டாப், பஸ் போகிற வரிசையில், காலை நேரம் ஒரு பத்தி, மாலை நேரம் ஒரு பத்தி. தப்பு இருந்தால் கண்ணே பிடித்துவிடும். டூல் பத்திகளைக் கலைத்து அதை மூட்டை கட்டியிருக்கிறது.

"யாருப்பா என் டேபிளைக் கொத்து பரோட்டா போட்டது?"

"டூல்க்கா."

"டூலுக்கு உங்க அப்பா இனிஷியலா? எல்லா வரியிலயும் உன் பேரு நிக்குதே."

பார்த்தேன். கோடில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடைசியாகத் தொட்டவர் பெயர் இருக்கும். என் லாகினில் ஓடியதால் எல்லாம் நான். இடைவெளி தள்ளியதற்கு இந்தக் கௌரவம்! "அப்புறம் சரி பண்றேன்க்கா" என்றேன்.

அப்புறமாம்.

நவ. 13, வியாழன். தலைவலி. காபி மூன்று.

மேனேஜர் மஞ்சுநாத் கேபினுக்குக் கூப்பிட்டார். கன்னடம் கலந்த தமிழ் அவருடையது. டீமில் இரண்டு பேரை விடுவிக்க வேண்டுமாம். விடுவிப்பது என்றால் பெஞ்ச். பெஞ்ச் என்றால் முப்பது நாளில் வீடு. யாரை என்று முடிவு செய்ய, யார் பெயரில் எத்தனை வரி என்று ஏஜென்ட்டை எண்ணச் சொல்லியிருக்கிறார்.

நான்: 1,60,214. ஸ்டெல்லா: 312. டூலுக்குப் படிக்கத் தெரியாத பைல்களில் இருந்ததால் அந்த 312 தப்பித்தது.

"நோடப்பா, பாரு, நீதான் டாப். டீம் லீட் ரோலுக்கு உன் பேர்தான் சொல்லப் போறேன். ஸ்டெல்லா மேடம்... பாவம். நாளைக்கு பதினோரு மணிக்கு லிஸ்ட் அனுப்பணும்."

"சார், அது நான் எழுதினது இல்ல. ஸ்பேஸ் நகர்ந்துச்சு, அவ்ளோதான்."

"ஸ்பேஸோ என்னமோ, ரிப்போர்ட் அப்படித்தானே சொல்லுது? ஏஜென்ட்டுக்கு யார் மேல கோபம்? நியூட்ரல் அல்வா, நியூட்ரல்தானே?"

நியூட்ரல்! எதை எண்ணுகிறோம் என்றே தெரியாமல் எண்ணுவதற்குப் பெயர் நியூட்ரலா? நாலு வருடம் அதே ஃபுளோரில் உட்கார்ந்து அக்கா எழுதுவதைக் கண்ணால் பார்த்த ஆள் இவர்!

சரி, நான் மட்டும் என்ன செய்தேன்? லீட் என்ற சொல் காதில் விழுந்த பிறகு குரல் இறங்கிவிட்டது. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று வெளியே வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

கேன்டீனில் அக்கா தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தார். "நாலு வருஷ வேலைய ஒரே காலைல எழுதிட்டியே, கை வலிக்கலையா உனக்கு?" சிரிப்பு வேறு. லிஸ்ட் விஷயம் அவருக்குத் தெரியாது.

நவ. 14, வெள்ளி. காலை 7.50. ஆபீஸ் காலி.

ஏஜென்ட்டிடம் கேட்டேன், ஏன் எல்லா பைலையும் தொட்டாய் என்று. "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்கிறது. நான் சரி என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குள்:

1. செவ்வாய் மாற்றத்தை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது. அப்புறம் பெயர் பார்த்தால் அதைத் தாண்டி, நிஜமாக எழுதியவரைக் காட்டும். ஐந்து நிமிட வேலை. ஐந்தே நிமிடம்! செவ்வாயன்றே செய்திருக்கணும்.

2. மறுபடி எண்ணுவது. நானே. பிரின்ட் எடுத்து மஞ்சுநாத்திடம். கேபினில் இல்லை, பத்து மணி மீட்டிங்கில், எல்லார் முன்னாலும்.

3. டூலை ஏஜென்ட் தொடும் பைலோடு நிறுத்துவது. அது எழுதினால் அதன் பெயர்.

4. ஸ்டாப் பட்டியல்: திங்கட்கிழமைப் பிரதியை எடுத்து, அக்கா சிஸ்டத்திலிருந்து, அவர் கையால் சேர்ப்பது. டூல் அந்தப் பக்கமே போகக்கூடாது.

5. லீட்: இந்த எண்ணிக்கையை வைத்து என்றால் வேண்டாம். யோசித்தாயிற்று.

6. இதற்கெல்லாம் முன்னால், லிஸ்ட் பற்றியும் நேற்று கேபினில் நான் சொல்லிவிட்டு வந்ததைப் பற்றியும் அக்காவிடம் சொல்வது. அவர் பஸ் வருவது 8.20க்கு. கேட்டில் நிற்கணும்.