கானாவாழை நீலத்தில் ஒரு சேலை

புதூர்,
10.11.1998

அன்புள்ள அத்தானுக்கு,

இஞ்ஞாசி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் ரிஜோவும் சுகம். காய்ச்சலில் கிடந்த பிள்ளை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டுக் கரிசல் சேற்றில் குதிக்கிறான்.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. பருத்திக்குக் களை வெட்டப் போனால் வரப்பு முழுக்கக் கானாவாழை பூத்துக் கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான் பூ. அந்தக் கறுப்பு மண்ணில் அந்த நீலத்தைப் பார்த்தபிறகு வெட்ட மனசே வரவில்லை. "ஏட்டி, களை எடுக்க வந்தியா, பூப் பாக்க வந்தியா?" என்று ராதாமணி ஏசுகிறாள். பதினோரு மணி வெயிலுக்கு வாடிவிடும், அதற்குள் பார்த்தால்தான் உண்டு என்றேன். உங்கள் சாயக்காரப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. தீப்பெட்டி ஒட்டுகிற நீலத்தாள், ரேஷன் மண்ணெண்ணெய், எழுதுகிற இந்த இன்லண்டு என்று எங்கே திரும்பினாலும் நீலம்தான் கண்ணில் படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேலைப் பார்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால், கட்டியவர் கையால் வாங்கின நீலச் சேலை உடுத்தி டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு வருகிறேன் என்று நேர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். கானாவாழைப் பூ நீலத்தில் வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினேன். நீங்கள் அனுப்பியிருப்பது பச்சை. "சாயப்பட்டறை மாஸ்டர் பொண்டாட்டிக்குப் பச்சைதான் நீலம் போல" என்று ராதாமணி சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் தவசி உங்களிடம்தானே வேலை பார்க்கிறார், அந்த உரிமையில் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். இரண்டு சேலை எடுத்துப் பார்சல் மாறிவிட்டதா? நீலம் யாருக்குப் போனது? ஒன்றரை வருஷமாக, பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஊர்ப்பக்கம் வராதவரிடம் இதைக் கேட்காமல் எப்படி இருப்பேன்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
இஞ்ஞாசியம்மாள்


திருப்பூர்,
17.11.1998

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. 'யாருக்குப் போனது' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மூன்று கடை ஏறி இறங்கி, வெயிலில் பிரித்துப் பார்த்து நானே எடுத்த சேலை. நீலம்தான். பதினாலு வருஷம் சாயத்தில் கை நனைத்தவனுக்கு நீ நிறம் சொல்லித் தருகிறாய்.

இங்கே இருக்கிற தலைவலி போதும். போன வாரம் ஒரு லாட் பனியன் துணி முழுக்க நீலத்துக்குப் பதில் பச்சையாகிவிட்டது. ஷேடு பார்த்துச் சரி சொல்கிறவன் நான், சாயம் கலக்கினவன் தவசி. முதலாளி அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். கவனம் இல்லாத பயல், நான் என்ன செய்ய? ராதாமணியிடம் நீ எதுவும் பேசிக்கொள்ளாதே.

ரிஜோவுக்கு என் முத்தம். அந்தச் சேலையையே உடுத்து.

செலஸ்டின்


புதூர்,
24.11.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உள்ளே ஒன்று வைக்க வேண்டியிருப்பதால் கவரில் எழுதுகிறேன்.

நீங்கள் அத்தனை உறுதியாக எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையிலேயே சேலையைக் காட்டுக்கு எடுத்துப்போய்க் கானாவாழைப் பக்கத்தில் விரித்தேன். பூ தனியாகத் தெரிந்தது. சேலை இலையோடு சேர்ந்துகொண்டது.

தவசி ஊருக்கு வந்துவிட்டார். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "பச்சை அடிக்குது அண்ணாச்சின்னு நான் சொன்னேன் மைனி. எனக்கே சொல்லித் தாரியான்னு சத்தம் போட்டாவ. பொறவு முதலாளி கேக்கையில அவிய வாயே தொறக்கல."

முதலில் ஏதோ பெண் விவகாரம் என்று பயந்தேன். இப்போது அந்தப் பயமே தேவலை என்று இருக்கிறது.

இரண்டு தாள் துண்டு வைத்திருக்கிறேன். ஒன்று தீப்பெட்டி நீலத்தாள், மற்றது பச்சை லேபிளில் கிழித்தது. பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன். எது நீலம் என்று எழுதுங்கள். யாரிடமும் கேட்கக் கூடாது. ரிஜோ தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்து எழுதுங்கள். சரியாக இருந்தால் கோளாறு என் கண்ணில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இஞ்ஞாசி


திருப்பூர்,
2.12.1998

இஞ்ஞாசி,

தெரியவில்லை. ஜன்னலில் பிடித்தேன், தெருவில் பிடித்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பக்கத்து அறையில் இருக்கும் எங்கள் பட்டறைச் சுடலைக்கண்ணுவைக் கேட்டால் சொல்லியிருப்பான். வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை தலை மேல் கை வைக்கச் சொல்லிவிட்டாயே.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்து நீலமும் பச்சையும் குழம்ப ஆரம்பித்தன. பட்டறை ஆவியா, என் விதியா, தெரியாது. டப்பாவில் எழுதியிருப்பதை வாசித்தும் பக்கத்தில் நிற்பவன் பேச்சைப் பிடித்தும் காலத்தை ஓட்டினேன். ஊருக்கு வராததும் இதனால்தான். நீ வேலியோரம் கூட்டிப்போய், "இந்தப் பூவைப் பாருங்க" என்றால் அகப்பட்டுக்கொள்வேனே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் வராமல் இருந்தேன், அதை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தவசி சொன்னது அத்தனையும் உண்மை. வாயைத் திறந்தால் என் கண் வெளியே தெரிந்துவிடும் என்று சும்மா நின்றேன்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. விஷயம் தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். தவசி வாலிபன், எங்கேயும் பிழைப்பான். எனக்கு நிறத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. கானாவாழையைப் பற்றி நீ எழுதினதை நாலு தடவை வாசித்தேன். அந்த நீலம் ஞாபகத்தில் இருக்கிறது. அது சரியான நீலம்தானா என்று யாரிடம் கேட்பேன்?

செலஸ்டின்


புதூர்,
9.12.1998

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை எரிக்கவில்லை.

நேற்றுத் திருநாளுக்கு அந்தப் பச்சைச் சேலையையே உடுத்திப் போனேன். நீலம் என்று நினைத்து வாங்கியது மாதாவுக்குத் தெரியாதா என்ன? மாதாவின் நீல முக்காட்டைப் பார்த்ததும் அழுகை பொங்கிவிட்டது. இனி உங்களுக்கு நான் வாயால்தான் காட்ட முடியும். காட்டுவேன். இது சங்குப்பூ, இது மழை கழிந்த வானம், இது ரிஜோ சட்டையில் கூடிப்போன சொட்டு நீலம் என்று சாகும்வரை அலுக்காமல் சொல்வேன். கண் கெட்டது உங்கள் குற்றம் இல்லை.

ஆனால் தவசி விஷயம் கண் விஷயம் இல்லை. ராதாமணி நேற்று நம் கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி மனசு வச்சா இவியளைத் திரும்பச் சேத்துக்கிடுவாவ. ஒரு வார்த்தை எழுதுங்க மைனி" என்றாள். உங்கள் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. முதலாளி முன்னால் நீங்கள் நின்ற மாதிரியே நானும் நின்றேன். என்னால் இன்னொரு தடவை அப்படி நிற்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீங்களே முதலாளியிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இருபத்து நாலாம் தேதி கடிதத்தை ராதாமணி கையில் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

இஞ்ஞாசி


திருப்பூர்,
19.12.1998

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

முதலாளி நம்பவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, மேசையில் ஐந்தாறு நூல்கண்டைப் போட்டு, "நீலத்தை எடுங்க மாஸ்டர், பார்க்கலாம்" என்றார். ஒன்றை எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சுடலைக்கண்ணு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தவசியைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். தகவல் சொல்ல ஆள் அனுப்புகிறேன் என்றார் முதலாளி. நானே சொல்கிறேன் என்றேன். என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கே வந்து என்ன வேலை பார்ப்பேன் என்று இப்போது கேட்காதே, எனக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்குவேன். ரிஜோவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா. ஊருக்குள் நுழைந்ததும் நம் வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே தவசி வீட்டுக்குப் போவோம். வாசலில் எனக்குக் கால் தயங்கினால், பிள்ளை பார்த்தாலும் பரவாயில்லை, பின்னாலிருந்து பிடித்துத் தள்ளு.

உன்,
செலஸ்டின்