நெற்றிக்குழி வண்டு

ஜூன் 14

அன்புள்ள குண்டூசிக்கு,

‘அன்புள்ள’ என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

வண்டுக் கட்டுரை அச்சான இதழ் வந்து சேர்ந்தது. இன்று காலை சாமான் ஜீப்பில், பேட்டரிப் பெட்டிக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவில் இருந்தது. ஆராய்ச்சி நிலையப் பொறுப்பாளர் அதை என்னிடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். “நம்ம மேடம் பேர்ல ஒரு வண்டு. இனிமே உலகம் அழியற வரைக்கும் இந்தப் பேர் இருக்கும்” என்றார். கைதட்டினார்கள். பறவை ஆராய்ச்சிக்காரர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரை முழுவதையும் படித்தேன்.

தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். அது உன் பெயர்.

வெளியாள் யாரிடமாவது இதைச் சொன்னால், “வண்டுக்கே உங்க பேரை வெச்சிருக்காங்க, இதுக்குப் போய் யாராவது கோவிச்சுப்பாங்களா?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு நம் தொழில் வழக்கம் தெரியாது. உனக்குத் தெரியும். புதிய உயிரினத்தை விவரித்து எழுதுகிறவர் அதற்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. சட்டம் தடுக்கவில்லை என்றாலும் அப்படிச் செய்தவரைப் பார்த்து இந்தத் துறையே கைகொட்டிச் சிரிக்கும். ஆக, வண்டுக்கு என் பெயர் என்று நீ முடிவு செய்த நிமிடமே, அதை எழுதியவர்களில் ஒருத்தியாக நான் இருக்க முடியாமல் போனது. கையைக் குலுக்கிப் பாராட்டிக்கொண்டே வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாய்.

மூன்று மழைக்காலம் அட்டைக்கடியோடு சருகைச் சலித்தவள் நான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்புத் தூசி ஒன்று தானாக நகர்கிறது என்று முதலில் பார்த்தவள் நான். நெற்றியில் ஊசிமுனையால் அழுத்தினதுபோல ஒரு குழி இருக்கிறது என்று எழுதியவளும் நான்தான். அந்த வாக்கியம் ஒரு கால்புள்ளிகூட மாறாமல் உன் கட்டுரையில் உட்கார்ந்திருக்கிறது. படங்கள் எல்லாம் என் கை. கடைசிப் பக்கத்தில், “படங்கள் தந்து உதவியதற்கு நன்றி” என்று பொடி எழுத்தில் என்னைப் போட்டிருக்கிறாய். என் வேலைக்கு நானே உதவினேனாம்.

ஆகஸ்டில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல். இந்தக் கட்டுரையைத்தான் மலைபோல நம்பியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். சேர்ந்து எழுதுவோம் என்று சொன்னதும் நீதான். இப்போது வெறுங்கையோடு போய் அவர்கள் முன்னால் உட்கார வேண்டும்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சல்லடை

(கல்லூரியில் இந்தப் பெயரை எனக்கு வைத்ததும் நீதான். பெயர் வைப்பதில் உனக்கு எப்போதுமே கை நீளம்.)


ஜூன் 26

அடி சல்லடை,

உன் கடிதத்தை மியூசியத்தில் உட்கார்ந்து பிரித்தது என் தப்பு. பக்கத்து மேசை வண்ணத்துப்பூச்சிக்காரி, “தோழி என்ன எழுதியிருக்காங்க, ரொம்ப சந்தோஷமா?” என்று கேட்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ சந்தோஷத்தில் அழுவாய் என்று நினைத்தேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் தங்கள் பெயரில் ஒரு பூச்சி கிடைக்காதா என்று காத்திருந்தே ஓய்வு பெற்றுப் போகிறார்கள்.

நடந்ததைக் கேள். உன் பெயரையும் சேர்த்துத்தான் முதலில் எழுதினேன். மியூசிய இயக்குநர் கூப்பிட்டு, “வெளி நிலையத்து ஆளைச் சேர்த்தா அவங்க அனுமதி, நம்ம அனுமதின்னு ஒரு வருஷம் இழுக்கும். இந்த இதழை விட்டா உங்க பதவி உயர்வும் தள்ளிப் போயிடும், யோசிச்சுக்குங்க” என்றார். உன்னைக் கேட்கத்தான் கடிதம் போட்டேன். மழையில் சாலை அரித்துப்போய் உனக்குத் தபாலே வராத நேரம் அது. தொலைபேசியும் எடுக்காத காட்டில் நீ இருக்கிறாய். உன்னை எப்படியாவது உள்ளே வைக்க வேண்டுமே என்று யோசித்தேன். என் கையில் மிச்சம் இருந்தது வண்டின் பெயர் ஒன்றுதான். அதை உனக்குக் கொடுத்தேன்.

நீ வாயைத் திறந்துவிட்டதால் நானும் திறக்கிறேன். மூன்று வருடமாக, “பொறு, பொறு” என்பதைத் தவிர உன்னிடமிருந்து வேறு பதில் உண்டா? இன்னும் நாலு மாதிரி வேண்டும், இன்னும் ஒரு மழை பார்க்க வேண்டும். உனக்குச் சலிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. கல்லூரியில் உன் ஆய்வேட்டைக் கடைசி நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தது யார்? உன்னிடம் விட்டிருந்தால் அந்த வண்டு இன்னமும் குப்பிக்குள் பெயரில்லாமல் ஊறிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “ஒரு பேன் அளவு பூச்சிக்காக ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கறீங்களே, நல்லாவா இருக்கு?” என்கிறார். பேனைவிடச் சின்னதும்மா என்றேன். “அப்ப இன்னும் கேவலம்” என்கிறார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை என்று தேதி வாங்கியிருக்கிறோம்.

உன்மேல் எப்போதும்போல அன்பும் இப்போது நிறையக் கோபமும் உள்ள,
குண்டூசி


ஜூலை 9

குண்டூசிக்கு,

பதவி உயர்வு கிடைத்துவிட்டதா? அது நீயாக என்னிடம் சொன்ன செய்தி இல்லை. இயக்குநர் பேசியதை அப்படியே எழுதப்போய் உன் கை தவறி விழுந்துவிட்டது. வாழ்த்துகள்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்ததை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இப்போது எடுத்து நீட்டுகிறாய். இருக்கட்டும். முடிக்கத் தெரியாதவள் என்கிறாயே, உனக்கு நான் அனுப்பிய கைப்பிரதியில் ஒரு பத்தியைக் காலியாக விட்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டாயா? நெற்றியில் குழி உள்ள வண்டுகளைப் பற்றி விவரமாக எழுதியிருந்தேன். அவற்றோடு வந்த குழி இல்லாத வண்டுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. “இந்த இடத்தைத் தொடாதே, நேரில் வந்து சொல்கிறேன்” என்று ஓரத்தில் குறித்தும் இருந்தேன். நீ அந்த இடத்தை நிரப்பியிருக்கிறாய். குழி உள்ளது ஆண், குழி இல்லாதது பெண் என்று அச்சில் வந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்விதான். குழி இல்லாத ஒன்றையாவது வயிற்றைத் திறந்து பார்த்தாயா?

சல்லடை


ஜூலை 20

சல்லடை,

குழி உள்ளதைத் திறந்தேன், ஆணுறுப்பை எடுத்துப் பார்த்தேன், படமும் போட்டிருக்கிறேன். குழி இல்லாததை எதற்காகத் திறக்க வேண்டும்? அளவு ஒன்று, நிறம் ஒன்று, உணர்கொம்பு ஒன்று. எல்லாம் ஒரே சலிப்பில் வந்து ஒரே குப்பியில் இருந்தவை. அந்தக் குப்பிக்குச் சீட்டு எழுதியதே நீதான். இந்த வண்டுக் குடும்பத்தில் ஆணுக்கு மட்டும் நெற்றியில் குழி, மேடு என்று ஏதாவது அலங்காரம் இருப்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். இதைச் சொல்ல நீ ஜீப் ஏறி நேரில் வேறு வரவேண்டுமா? ஏதாவது தெரிந்தால் நேராகச் சொல். இப்படிப் பொடி வைத்துப் பேசாதே, எரிச்சலாக இருக்கிறது.

நேர்காணல் குழுவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதையாவது தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

குண்டூசி


ஆகஸ்ட் 22

குண்டூசிக்கு,

நேர்காணல் முடிந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. சிரித்த முகத்தோடு, “உங்க பேர்லயே ஒரு வண்டு இருக்கே, பிரமாதம்” என்று ஆரம்பித்தார்.

“அதை விவரிச்சு எழுதினது யாரு?”

“என் தோழி.”

“அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“சலிச்சேன்.”

வேறு என்ன சொல்ல? என் வாக்கியத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அங்கே உட்கார்ந்து அழவா முடியும்? அவர் உன் பரிந்துரைக் கடிதத்தைப் புரட்டினார். “பொறுமையான சேகரிப்பாளர்னு எழுதியிருக்காங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவ்வளவுதான். வேலை பாசி ஆராய்ச்சிக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள், போனால் போகட்டும் என்பதுபோல. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். “வண்டாவது நிரந்தரமாச்சே” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மூன்று நாள் அவரோடும் பேசவில்லை.

காட்டுக்குத் திரும்பி வந்து சலித்தேன். கோபத்தில் நன்றாகவே சலிக்க வருகிறது. இந்த மழைக்குக் குழி இல்லாதவை நிறையக் கிடைத்தன. வரிசையாகத் திறந்தேன். பாதிக்கு ஆணுறுப்பு இருக்கிறது. நீ படம் போட்டதுபோல வளைந்தது அல்ல, முனை இரண்டாகப் பிளந்தது. குழி உள்ளவற்றையும் திறந்தேன். அவற்றில் பாதி பெண்.

புரிகிறதா? அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் அல்ல. வெவ்வேறு இனங்கள். ஒன்று மேல்சருகில் இருக்கிறது, மற்றது அடியில் மக்கிய கட்டையில் இருக்கிறது. என் சல்லடைக்குள் மட்டும்தான் ஒன்றாக வந்து விழுகின்றன. எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, உறுதியாகச் சொல்லப் போதுமான மாதிரி இல்லை. அதற்குத்தான் இன்னொரு மழை கேட்டேன். நீ பொறுக்கவில்லை. உறவே இல்லாத இரண்டு வண்டுகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அதை அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டாய்.

குழி உள்ளதற்கு என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். குழி இல்லாதது இப்போது பெயரில்லாமல் நிற்கிறது. அதை நான் எழுதப்போகிறேன்.

சல்லடை


செப்டம்பர் 3

அன்புள்ள சல்லடை,

உன் கடிதம் வந்த அன்றே நேராக மாதிரிப் பெட்டி அறைக்குப் போய்க் குழி இல்லாதவற்றைத் திறந்து பார்த்தேன். அவசரத்தில் இரண்டைப் பாழாக்கினேன். மூன்றாவது சரியாக வந்தது. முனை பிளந்துதான் இருக்கிறது. நீ சொன்னது சரி.

இயக்குநருக்கு இன்னும் தெரியாது. நீ தனியாக எழுதினால் என் கதி என்ன என்று யோசித்துப் பார். “மியூசியத்து அம்மாவுக்கு ஆண் எது, பெண் எதுன்னே தெரியல” என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள். பதவி உயர்வு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் தலையை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன்.

சேர்ந்து எழுதுவோம். உன் பெயர் முதலில், என் பெயர் பின்னால். அனுமதி, இதழ் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இயக்குநர் குதித்தால் குதிக்கட்டும். கல்லூரியில் நுண்ணோக்கி கிடைக்காமல் ஒன்றிலேயே நீ இடதுகண், நான் வலதுகண் வைத்துக் கன்னத்தோடு கன்னம் இடித்துக்கொண்டு பார்த்தோமே, அன்றைக்குப் பேசியது என்ன? ஒரு வண்டாவது நம் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வரவேண்டும் என்றுதானே பேசினோம்.

நான் செய்தது தப்பு என்று எழுதித் தரவேண்டுமா? தப்புதான். எழுதிவிட்டேன். பதில் போடு.

உன்,
குண்டூசி


டிசம்பர் 11

அன்புள்ள குண்டூசிக்கு,

இந்த முறை ‘அன்புள்ள’ என்பதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், கட்டுரையை முடித்துக்கொண்டிருந்தேன். முடிக்கத் தெரியாதவள் முடித்துவிட்டேன். இதழும் ஏற்றுக்கொண்டுவிட்டது. உன் பிழையை ஒரே வரியில் திருத்தியிருக்கிறேன். இரண்டும் சருகிலும் அதன் அடியிலுமாக அடுத்தடுத்து வாழ்வதாலும் ஒரே சலிப்பில் வருவதாலும் பிரித்தறிவது கடினம் என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையும்கூட. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நீ கேட்டபடி செய்து பார்க்காமல் இல்லை. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயரையும் எழுதினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மேசை முன்னால் உட்கார்ந்து, “சலிச்சேன்” என்று சொன்ன என் குரல் கேட்டது. அடித்துவிட்டேன். எனக்குக் கோபம் போகவில்லை. ஒருநாள் போய்விடும் என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் விருப்பமில்லை.

உன் பெயரை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. குழி இல்லாத அந்த வண்டுக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஆகவே எழுதியவர்களில் உன்னைச் சேர்க்க முடியாமல் போய்விட்டது. வழக்கம் உனக்குத் தெரியும்.

வண்டின் பெயரை எழுதும்போது அதை விவரித்தவரின் பெயரையும் பின்னால் எழுதுவார்கள். இனி எந்த நாட்டில் யார் இவற்றைப் பற்றி எழுதினாலும், முதல் வரியில் என் பெயருக்குப் பின்னால் உன் பெயர் வரும். அடுத்த வரியில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் வரும். நாம் பேசிக்கொண்டாலும் பேசாவிட்டாலும் வரும். கல்லூரியில் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இனி அதைச் சாக்கிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

அம்மாவின் அறுவை சிகிச்சை முடிந்ததும் அவரைப் பார்க்க வருகிறேன். மதிய நேரமாகப் பார்த்து வருவேன். அப்போது நீ மியூசியத்தில் இருப்பது நல்லது.

உன்னிடம் உள்ள என் மாதிரிகளைப் பொறுப்பாளர் முகவரிக்கு அனுப்பிவை. குழி உள்ளவை ஒரு பெட்டியில், இல்லாதவை இன்னொரு பெட்டியில். கலந்துவிடாதே.

சல்லடை