மிஷின் சத்தத்தில் பழகிய தொண்டை

அரவேணு
திங்கட்கிழமை

அன்பு மகள் லிஜிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது, கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுவாயே.

உன் கடிதம் வந்தது. குரல்நாணில் தடிப்பு, ஒரு மாதம் பேசாமல் இருந்தும் ஆறாவிட்டால் யுனிவர்சிட்டியில் பாடம் நடத்துகிற வேலையையே விட வேண்டி வரும் என்று நாக்பூர் டாக்டர் சொன்னதைப் படித்து அம்மா அழுதுவிட்டாள். எனக்கு அவர் உன்னிடம் கேட்ட கேள்விதான் மண்டையைக் குடைந்தது, உங்கள் வீட்டில் யாருக்காவது காது கேட்காதா என்று ஏன் கேட்டார்? இங்கே தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது கண்ணு. நம் குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இலை உருட்டுகிற ரோலர் மிஷின் ஓடாமல் இத்தனை நாள் இருந்ததே இல்லை. நேற்று வழக்கம்போல அம்மாவிடம் டீ கேட்டேன், பக்கத்தில் நின்றவள் திடுக்கிட்டு, ஏனுங்க இங்கதானுங்க நிக்கறேன், எதுக்கு இந்தக் கத்துக் கத்தறீங்க என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள்! இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அவளைச் சமையற்கட்டில் நிறுத்தி, முன்னறையிலிருந்து குரலைக் குறைத்துக் குறைத்துப் பேசிப் பார்த்தேன், மெதுவாகப் பேசினாலே நன்றாகக் கேட்கிறதாம். டாக்டர் ஏன் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது, குறை நம் காதில் இல்லை, நீ பேசப் பழகியதே அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே கண்ணு. அந்தக் குரலை நம்பித்தான் அத்தனை பெரிய வகுப்பில் எனக்கு மைக் வேண்டாம் என்று பெருமையடித்தாய், நானும் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தேன். இனி வெட்கப்படாமல் மைக் கேள். கிசுகிசுப்பதும் தொண்டைக்குக் கெடுதல் என்று நீயே எழுதியிருக்கிறாய், போன வாரம் போனில் அதைத்தான் செய்தாய், நான் புரியாமல் சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு என்று விரட்டினேன்.

வருகிற ஞாயிறு டெலிபோன் பூத்திலிருந்து பேசுவோம். நீ வாயைத் திறக்காதே, ரிசீவரில் விரலால் தட்டு. ஒரு தட்டு என்றால் சுகம், இரண்டு என்றால் அம்மா ரயில் ஏறிவிடுவாள். ஃபேக்டரி மறுபடி ஓட வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறோம், வேறு பிழைப்பு ஏது. ஓடினாலும் இனி இந்த வீட்டில் பக்கத்தில் போய் நின்றுதான் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

கர்த்தர் உன் தொண்டையைக் காப்பாராக. வெந்நீர் குடிக்க மறக்காதே. ஒரே ஒரு தட்டு கண்ணு, காத்திருப்போம்.

உன் அப்பா
பவுல்ராஜ்